தலை எந்தப் பக்கம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் சேலம் பதிப்பின் விளையாட்டுப் பக்கத்தில் பள்ளி மாணவிகள் ரக்பி ஆடும் படம் ஒன்று பெரிதாக வந்திருந்தது. கிரிக்கெட்டையும் கபடியையும் தாண்டி ஒரு ஆட்டத்துக்கு அவ்வளவு இடம் கொடுத்ததற்கு முதலில் நன்றி. ஆனால் அந்தப் படத்தைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். பந்தோடு ஓடும் பெண்ணின் கழுத்தைச் சுற்றி இன்னொரு பெண்ணின் கை, பின்னால் இருந்து எட்டிப் போட்ட பிடி, கீழே "சீறிப் பாய்ந்த சிங்கப்பெண்" என்று ஒரு வரி. ரக்பியில் தோளுக்கு மேலே பிடித்தால் அது தப்பாட்டம். பெனால்டி கிடைக்கும், நடுவருக்கு ஆபத்து என்று பட்டால் அட்டையைக் காட்டி வெளியே உட்கார வைத்துவிடுவார். தப்பான பிடியைப் போட்டு வீரம் என்று எழுதிவிட்டீர்கள். இதைச் சொல்ல எனக்குப் பெரிய தகுதி ஒன்றும் கிடையாது, ஏனென்றால் உங்களுக்கு முன்னால் அதே மாதிரி ஒரு தப்பான பிடிக்குக் கை தட்டியவன் நான். அதுவும் என் சொந்தப் பெண் போட்ட பிடிக்கு.

சிவதாபுரம் பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். இளவட்டமாக இருந்தபோது ஊர்த் திருவிழாக் கபடியில் லெஃப்ட் கார்னரில் நிற்பேன். பாடி வருகிறவன் போனஸ் கோட்டுக்குக் காலை நீட்டினால் போதும், பாய்ந்து கணுக்காலைக் கவ்விவிடுவேன். (கொலுசுக்காரனுக்குக் கணுக்காலை விட்டால் வேறு என்ன தெரியும் என்று அப்போதே கேலி செய்வார்கள்.) மகள் 11-ஆம் வகுப்பு. பள்ளியில் ரக்பி சேர்ந்துவிட்டு வந்து சொன்னபோது வீட்டில் யாருக்கும் அது என்ன ஆட்டம் என்றே தெரியவில்லை. ஒலிம்பிக்கில் 2016-இல் இருந்து இருக்கிறது, பந்தைக் கையில் வைத்து ஓட வேண்டும், எதிரணி பிடித்துச் சாய்க்கும், அணிக்கு 7 பேர், பாதிக்கு 7 நிமிடம், அவ்வளவுதான் ஆட்டம் என்று அவள்தான் விளக்கினாள். 2025-இல் மும்பையில் நடந்த ரக்பி பிரீமியர் லீக்கின் முதல் பட்டத்தை சென்னை புல்ஸ் அணி வாங்கிய பிறகு டிவி ரிமோட் என் கைக்கு வரவே இல்லை. என் மனதில் ஒட்டிக்கொண்டது என்னவோ வேறு ஒரு சங்கதி. கல்கத்தாவில் வெள்ளைக்காரர்கள் நடத்திய ரக்பி கிளப் ஒன்றை மூடும்போது, கையில் மிச்சம் இருந்த பணத்தை வெள்ளி ரூபாயாக எடுத்து, 270 ரூபாயை உருக்கி 1878-இல் ஒரு கோப்பை செய்தார்களாம். கைப்பிடி மூன்றும் நாகப்பாம்பு, மூடி மேலே யானை. இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் 1879-இல் இருந்து அந்தக் கல்கத்தா கோப்பைக்குத்தான் மோதுகின்றன. வெள்ளி வேலை பார்க்கிறவன் கண்ணுக்கு இதெல்லாம்தான் தெரியும், அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, மன்னிக்கவும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆட்டம் புரிந்ததும் எனக்குள் இருந்த பழைய கபடிக்காரன் எழுந்துவிட்டான். "எவ வேணாலும் எவ்வளவு வேகமா வேணாலும் ஓடி வரட்டும், கணுக்காலைப் பிடி, விழுந்துதான் ஆகணும்" என்று சொல்லிக் கொடுத்தேன். மொட்டை மாடியில் இரண்டு நாள் பழக்கியும் விட்டேன். கபடியில் பாடி வருகிறவன் பதுங்கிப் பதுங்கி வருகிறான், காலை நீட்டும் அந்த நொடியில் கிட்டத்தட்ட நிற்கிறான். ரக்பியில் பந்தோடு வருகிறவள் முழு வேகத்தில் முட்டியைத் தூக்கித் தூக்கிப் போட்டு ஓடி வருகிறாள். இந்த வித்தியாசம் என் மண்டையில் ஏறவே இல்லை.

டிசம்பரில் ஏற்காட்டில் மூன்று நாள் பயிற்சி முகாம் என்று கூட்டிப்போனார்கள். யார் நடத்தியது என்பதெல்லாம் இங்கே வேண்டாம். மலை மேல் மைதானம் என்றால் தெரியும்தானே, ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம், மூன்று மணிக்கெல்லாம் பனி இறங்கிவிடும். கடைசி நாள் சாயங்காலம் பிள்ளைகளைக் கூட்டி வர வேன் எடுத்துக்கொண்டு போனவன் கடைசி மேட்சைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு பெண் மேட்டில் இருந்து பள்ளத்தைப் பார்த்து இறக்கத்தில் ஓடி வருகிறாள். என் மகள் நான் சொன்ன மாதிரியே, நேர் எதிரில், தலையைக் குனிந்து, கணுக்காலுக்குப் பாய்ந்தாள். அந்தப் பெண் விழுந்தாள். நான் கை தட்டினேன். என் மகள் எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் ஆனது. முட்டி வந்து நெற்றிப் பொட்டில் இடித்திருக்கிறது. யாரோ முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள், "ஒண்ணுமில்ல, எழுந்திரு" என்றார்கள், அவளும் எழுந்து மிச்சம் இருந்த மூன்று நிமிடமும் ஆடினாள். அதற்கும் கை தட்டினேன்.

வேனில் இறங்கிக்கொண்டிருக்கும்போது "மேட்ச் யாருப்பா ஜெயிச்சா?" என்று கேட்டாள். சொன்னேன். இரண்டு வளைவு தாண்டி மறுபடியும் அதையே கேட்டாள். தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன். 12-ஆவது வளைவோ 11-ஆவது வளைவோ, வண்டியை நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்தாள். இங்கேதான் சார் இந்த ஊர்க்காரர்கள் எல்லாரும் கவனிக்க வேண்டும். ஏற்காடு மலைப்பாதையில், 20 கொண்டை ஊசி வளைவில், ஒரு பிள்ளை வாந்தி எடுத்தால் யாருக்கு சந்தேகம் வரும்? கையில் எலுமிச்சம்பழத்தைக் கொடுத்து முகர்ந்துகொண்டே வரச் சொன்னோம். பிறந்ததில் இருந்து எத்தனையோ தடவை இந்த மலை ஏறி இறங்கியிருக்கிறாள், ஒரு தடவைகூட வாந்தி எடுத்ததில்லை, அது அப்போது எனக்கு ஞாபகத்துக்கு வரவில்லை பாருங்கள். அடிவாரத்தில் டீக்கடையில் நிறுத்தியபோது டியூப் லைட் கண்ணைக் கூசுது என்று கையால் மறைத்துக்கொண்டு, "மேட்ச் யாருப்பா ஜெயிச்சா?" என்று மூன்றாவது தடவை கேட்டாள். கூட வந்த ஒரு பெண்ணின் அம்மா நர்ஸ். டீ கிளாஸை அப்படியே வைத்துவிட்டு, "அண்ணா, வீட்டுக்குப் போகாதீங்க, நேரா ஆஸ்பத்திரிக்கு விடுங்க" என்றார். அவரை என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன்.

ஸ்கேனில் ஒன்றும் இல்லை. அப்பாடா என்று மூச்சு விட்டேன், டாக்டர் விடவில்லை. இது கன்கஷன், மூளை மண்டைக்குள் குலுங்கியிருக்கிறது, ரத்தக்கசிவு இருந்தால்தான் ஸ்கேனில் தெரியும், இது தெரியாது, நினைவு தப்பினால்தான் தலையில் அடி என்று நினைக்கிறீர்களே, பெரும்பாலானவர்களுக்கு நினைவு தப்புவதே இல்லை என்றார். அடிபட்ட பிறகு மூன்று நிமிடம் ஆடினாள் என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. முதல் அடி ஆறும் முன்னால் இன்னொரு அடி விழுந்தால் மூளை வீங்கிவிடலாமாம், அதுவும் வளரும் பிள்ளைகளுக்கு. பிறகு நானே தேடிப் படித்தேன். 2011-இல் வட அயர்லாந்தில் 14 வயதுப் பையன் ஒருவன் பள்ளி ரக்பி மேட்சில் இப்படித்தான், அடிபட்டும் களத்திலேயே இருந்து, மறுபடி மோதி, இறந்துபோயிருக்கிறான். அதைப் படித்த ராத்திரி நான் தூங்கவில்லை.

மகளுக்கு ஒரு மாதம் ஆட்டம் கிடையாது, முதலில் மொபைலும் கிடையாது (அதற்குத்தான் அதிகம் அழுதாள்). கொஞ்சம் கொஞ்சமாகப் பள்ளி, அப்புறம் நடை, அப்புறம் ஓட்டம். பிரிட்டனில் 2023-இல் போட்ட வழிமுறையில் இப்படி அடிபட்டவர்கள் குறைந்தது 21 நாள் போட்டிப் பக்கமே வரக்கூடாது என்று இருக்கிறது. இங்கே 21 நிமிடம்கூட வெளியே உட்கார வைப்பதில்லை.

சொந்தக்காரர்கள் வழக்கமான பாட்டைப் பாடினார்கள், பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இதெல்லாம் என்று. என் மனைவி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்: "சொல்லிக் கொடுத்தது ஆம்பளதானே."

ஆட்டத்தை விட மாட்டேன் என்று மகள் பிடிவாதமாக இருந்தாள். அப்போதுதான் சென்னையில் ரக்பி ஆடிவிட்டு இப்போது சேலத்தில் வேலை பார்க்கும் ஒரு தம்பி எங்களுக்குக் கிடைத்தார். நடந்ததை எல்லாம் சொன்னேன். எவ்வளவு வேகத்தில் வந்தாள், யார் விழுந்தார்கள் என்று எதையும் கேட்கவில்லை. "தலை எந்தப் பக்கம் போச்சு?" என்று மட்டும் கேட்டார். நான் முழித்தேன். அன்றைக்கு ஆரம்பித்து ஏழெட்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் இந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அதை எழுதத்தான் இந்தக் கடிதமே.

முதல் ஞாயிறு யாரும் யாரையும் பிடிக்கவில்லை. விழுந்தார்கள், அவ்வளவுதான். பந்தை நெஞ்சோடு அணைத்து, மோவாயை நெஞ்சில் ஒட்டி, முட்டி, இடுப்பு, தோள் என்று வரிசையாகத் தரையில் பட உருள வேண்டும். கையை ஊன்றினால் மணிக்கட்டோ காறை எலும்போ போய்விடும். விழத் தெரியாத பிள்ளையைப் பிடிக்கவே கூடாது என்பது அவர் கணக்கு. பள்ளியில் கபடிக்கு வாங்கிய மேட் சும்மா கிடந்தது, அதை எடுத்துக்கொண்டோம்.

அடுத்த வாரம்தான் பிடி. அதுவும் பிடிப்பவள் முட்டி போட்டு உட்கார, பந்து வைத்திருப்பவள் பக்கவாட்டில் நடந்து போக வேண்டும், ஓடக்கூடாது. அவள் என் வலது பக்கமாகக் கடந்து போகிறாள் என்றால் என் வலது தோள்தான் அவள் தொடையில் பட வேண்டும், அப்போதுதான் என் தலை அவளுக்குப் பின்னால் போகும். இடது தோளைக் கொடுத்தால் தலை அவளுக்கு முன்னால் மாட்டிக்கொள்ளும், முட்டியும் இடுப்பெலும்பும் அங்கேதான் வருகிறது. என் மகளின் தலை இருந்த இடமும் அதுதான். கன்னம் அவள் பின்பக்கத்தில் ஒட்ட வேண்டும் என்றதும் பிள்ளைகள் எல்லாம் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். "சிரிச்சு முடிங்க, அப்புறம் ஆரம்பிக்கலாம்" என்று அவர் பொறுமையாக நின்றார்.

அதன் பிறகு முட்டியில் இருந்து எழுந்து குந்தல், குந்தலில் இருந்து நிற்றல், நடை, மெது ஓட்டம் என்று ஒவ்வொன்றாக ஏற்றினார். எதிரில் வருகிறவளின் முகத்தைப் பார்க்காதே, பந்தைப் பார்க்காதே, அவள் ஷார்ட்ஸைப் பார், முகமும் தோளும் இந்தப் பக்கம் போகிற மாதிரி காட்டி அந்தப் பக்கம் போகும், இடுப்பு எங்கே போகிறதோ அங்கேதான் ஆளும் போவாள் என்பார். கிட்டே வரும்போது சின்னச் சின்ன அடியாக வைத்து வேகத்தைக் குறைத்து, எந்தத் தோளோ அந்தக் காலை அவளை ஒட்டி ஊன்ற வேண்டும். தூரத்தில் இருந்து பாயவே கூடாது, கால் தரையில் இல்லாவிட்டால் பிடி வெறும் எறிதல்தான். நிமிர்ந்த முதுகு, மேலே பார்க்கும் கண். மாடு முட்டுகிற மாதிரி தலையைக் குனிந்தால் உச்சந்தலைதான் முதலில் இடிக்கும், கழுத்து எலும்பு தாங்காது. இதில் ஒரு குழப்பம், பிள்ளைகள் நிறையத் தடுமாறினார்கள்: விழுகிறவளுக்கு மோவாய் நெஞ்சில் ஒட்ட வேண்டும், பிடிக்கிறவளுக்கு ஒட்டவே கூடாது.

தோள் பட்டவுடன் இரண்டு கையும் தொடையைச் சுற்றி வந்து ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ள வேண்டும். கொலுசுக்குக் கொக்கி மாட்டுகிற மாதிரி என்று நான் சொன்னது பிள்ளைகளுக்குச் சட்டென்று புரிந்தது, என் பங்களிப்பு அது ஒன்றுதான். கபடியில் ஓரமாகப் போகிறவனை டாஷ் அடித்து வெளியே தள்ளுவோமே, அது இங்கே செல்லாது. கையைச் சுற்றாமல் தோளால் மட்டும் இடித்தால் தப்பாட்டம். ஆளைத் தூக்கித் தலைகீழாகப் போட்டால் அதற்குச் சிவப்பு அட்டையே வரலாம். கபடியில் இருந்து ரக்பிக்கு உருப்படியாக எடுத்துக்கொண்டு போக முடிந்தது தொடைப் பிடி, கணுக்கால் பிடியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகச் சொன்னார்.

சரியாகப் பிடித்தோமா என்று எப்படித் தெரியும்? எங்கள் பக்கத்தில் ஜவ்வரிசி ஆலைக்குக் குறைவா, மரவள்ளி மாவு ஒரு கிலோ வாங்கி வந்து ஓடுகிறவளின் ஷார்ட்ஸில் இரண்டு பக்கமும் அப்பிவிட்டோம். (கோலமாவு வேண்டாம், கல் தூள், கண்ணில் விழுந்தால் வம்பு.) பிடித்து எழுந்ததும் மாவு கன்னத்திலும் தோளிலும் இருந்தால் சரி. நெற்றியில் பட்டை போட்ட மாதிரி இருந்தால் மறுபடியும் முட்டி போட வேண்டும். முதல் நாள் பாதிப் பேர் நெற்றியில் திருநீறு. எல்லாருக்கும் ஒரு பக்கம்தான் நன்றாக வருகிறது, வலது கைக்காரப் பிள்ளை எந்தப் பக்கம் போனாலும் வலது தோளைத்தான் கொடுக்கப் பார்க்கிறது, அதனால் தலை பாதி நேரம் தப்பான பக்கம் போகிறது. சரியாக வராத பக்கத்தில் இருந்துதான் அவர் ஆரம்பிப்பார். களைப்பான பிறகு பிடி பழகவே விடமாட்டார், களைத்த உடம்பு குனியாது, நிமிர்ந்து நின்று கழுத்தைத்தான் பிடிக்கும் என்பார். உங்கள் படத்தில் இருந்ததும் அப்படி ஒரு கடைசி நிமிடப் பிடியாக இருக்கலாம்.

அடிபடுகிறது பிடிபடுகிறவள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். உலக ரக்பி அமைப்புக்காகச் செய்த ஆய்வில், தலையில் அடிபடுவதில் ஏறக்குறைய முக்கால் பங்கு டேக்கிள் என்கிற இந்தப் பிடியின்போது நடக்கிறது, அதிலும் பந்து வைத்திருப்பவரைவிடப் பிடிக்கப் போகிறவருக்குத்தான் அதிகம் என்று வந்தது. நிமிர்ந்து நின்று பிடித்தால் தலையோடு தலை மோதும். அதனால்தான் பிரான்சில் 2019-இல் உள்ளூர் ஆட்டங்களில் இடுப்புக்கு மேல் பிடிக்கக்கூடாது என்றார்கள், இங்கிலாந்தில் 2023-இல் நெஞ்செலும்பின் அடிவரைதான் என்று இறக்கினார்கள். எங்கள் தம்பி வயிற்றில் இருந்து நடுத்தொடை வரை என்று வைத்திருக்கிறார், அதற்குக் கீழே போனால் என் யோசனைக்கு வந்து நிற்கும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் 40 பள்ளிகளில் செய்து 2017-இல் வெளியான ஆய்வு ஒன்றில், கழுத்தையும் உடம்பையும் பலப்படுத்தும் 20 நிமிட வார்ம்-அப்பை வாரம் மூன்று தடவை செய்த பையன்களுக்கு மொத்த அடியில் 72 சதவீதமும் கன்கஷனில் 59 சதவீதமும் குறைந்தது. அதற்குக் கருவி எதுவும் வேண்டாம், மைதானமும் கூட்டாளியும் போதும். நம்ம ஆட்கள் என்னடாவென்றால் தலைக்குத் தொப்பி வாங்கிக் கொடுத்துவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். அந்த மெத்துத் தொப்பி காது கிழியாமல், தோல் உரியாமல் காக்கும், மூளைக் குலுக்கலைத் தடுக்காது. பல்லுக்குப் போடும் கார்டும் பல்லுக்குத்தான்.

உடற்கல்வி ஆசிரியர்களை நான் குறை சொல்லவில்லை. ஒரே ஆள் காலையில் பிரேயருக்கு வரிசை நிறுத்தி, கோ-கோவும் வாலிபாலும் பார்த்து, மத்தியானம் தேர்வு ஹாலில் நின்று, சாயங்காலம் புதிதாக ரக்பியையும் சேர்த்து நடத்து என்றால் அவர் யூடியூப்பைத்தான் பார்ப்பார், அதில் வருவதெல்லாம் ஆளைத் தூக்கி அடிக்கும் காட்சிகள். சேலத்தில் இரண்டு நாள், காந்தி ஸ்டேடியத்திலோ வேறு எங்கேயோ, மாவட்டத்தில் ரக்பி நடத்தும் பள்ளி ஆசிரியர்களைக் கூப்பிட்டு இந்தப் பிடியை முட்டி போட்டு அவர்களையே செய்ய வைத்தால் போதும். அது முடியும்வரை மேட்ச் வேண்டாம், தொட்டாலே போதும் என்கிற டச் ரக்பி ஆடட்டும், அதிலும் ஓட்டமும் பாஸும் நன்றாகவே வரும். முகாம் நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஏற்காட்டில் ஆடும்போது தலையில் அடிபட்ட பிள்ளையை வண்டியில் ஏற்றும் முன்னால் மேலேயே காட்டிவிடுங்கள், இறக்கத்தில் எடுக்கும் வாந்தியை யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஒரே கேள்வியைத் திரும்பக் கேட்கிறதா, வெளிச்சம் கூசுகிறதா, நடை தள்ளாடுகிறதா, தலைவலி கூடிக்கொண்டே போகிறதா என்று பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கழுத்து வலிக்கிறது என்று சொன்னால் தூக்கி உட்கார வைக்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டும்.

மகள் இப்போது மறுபடியும் ஆடுகிறாள். போன ஞாயிறு வலது பக்கம் 10, இடது பக்கம் 10, இருபதிலும் மாவு கன்னத்தில்தான் இருந்தது, நான்தான் எண்ணினேன். இந்தக் கடிதத்தை அவளிடம் படித்துக் காட்டினேன். ஆஸ்பத்திரிக் கதையை ஏன் இவ்வளவு நீட்டினீர்கள், என் பேரை மட்டும் போட்டுவிடாதீர்கள் என்றாள். அப்புறம் உங்களிடம் ஒன்று கேட்கச் சொன்னாள். அடுத்த தடவை ரக்பிப் படம் போட்டால், கன்னம் ஷார்ட்ஸோடு ஒட்டி, கை இரண்டும் தொடையைச் சுற்றி இருக்கிற படமாகப் பார்த்துப் போடச் சொல்லுங்கப்பா, பிடிக்கிறவ முகமே தெரியாது, பரவாயில்லை என்றாள்.

இப்படிக்கு,
கொலுசுப் பட்டறைக்காரர் (பெயர் வேண்டாம்),
சிவதாபுரம், சேலம்.